சொல்லித் தராமலே கற்றுக்கொண்டவை – தாண்டிக்குடியிலிருந்து ஒரு இழை

கேள்வி – திண்டுக்கல் வாசகர், 2023 நவம்பர் 14

பண்பாடு என்றால் வேட்டி, கோலம், பொங்கல், கும்பிடு. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒரு அச்சில் நம்மை வார்த்திருக்கிறார்கள், எங்கே உட்காருகிறோம், யாரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதுவரை அதுதான் நடத்துகிறது என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நான் படித்தவன், யோசித்துத்தான் நடக்கிறேன். அப்படி ஒன்று இருப்பதாக நினைப்பவர்கள் சொந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்கள். புத்தகத்திலிருந்து வேண்டாம்.

நவம்பர் 14, இரவு

எங்கள் வீட்டிலிருந்து சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது மதுரை டவுனில். 1994இல் கல்யாணமாகித் தாண்டிக்குடிக்கு வந்தேன். கீழ்ப்பழனி மலை, காப்பித் தோட்டக் குடும்பம். வந்த மூன்றாம் நாள் அடுப்படியில் அத்தை என்னிடம், "மேக்கால இருக்கிற டப்பாவ எடு" என்றார். அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு டப்பா. மேற்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வெளியே வெள்ளையாக மூடுபனி, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, "இது கிழக்கால இருந்ததுல்ல?" என்று கேட்டார். கோபமே இல்லை. மேற்கும் கிழக்கும் தெரியாமல் ஒரு பெண் இருக்க முடியும் என்பது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

எனக்கும் புரியவில்லை. "வலது பக்க டப்பா" என்று சொன்னால் தீர்ந்தது, இதற்குப் போய் ஏன் திசை என்று நினைத்தேன்.

நவம்பர் 15

நேற்று எழுதியதைப் படித்தால் அத்தை ஏதோ தனி ரகம் போலத் தெரிகிறது. அப்படி இல்லை. மண்வெட்டியைக் கேட்டாலும், ஜீப்பை ஒதுக்கி நிறுத்தச் சொன்னாலும், பந்தியில் தள்ளி உட்காரச் சொன்னாலும் எங்கள் பக்கம் திசைதான். "கொஞ்சம் வடக்கால நகருங்க." இடது வலது என்பது கைக்கும் காலுக்கும் கோயிலுக்கும். வலம் வருவோம், புது வீட்டில் வலது காலை எடுத்து வைப்போம், இடது கையால் காசு கொடுக்க மாட்டோம். மரியாதை என்று வந்தால் இடது வலது, பொருள் எங்கே இருக்கிறது என்றால் கிழக்கு மேற்கு. இப்படி ஒரு பங்கீடு இருப்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அத்தையிடம் கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை.

இன்னொன்று. கிழக்கு, மேற்கு என்ற சொற்களையே பாருங்கள். கீழ், மேல். மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலுக்குச் சரிகிற நிலம் நம்முடையது. அந்தச் சரிவு நம் வாயிலேயே இருக்கிறது, ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறோம், ஒரு தடவைகூடக் கவனிப்பதில்லை.

நவம்பர் 17

இரண்டு நாளாக மழை, கரண்ட் இல்லை. பழனிக்காரர் ஒருவர் திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். அவர் ஊருக்கு இந்த மலை தெற்கே இருக்கிறது. எங்களுக்கு அடிவார ஊரான வத்தலக்குண்டு தென்கிழக்கே, அதனால் கீழே இறங்குவதும் கிழக்கே போவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என் வீட்டு வாசலில் நின்று பார்த்ததை ஊருக்கே பொதுவாக்கிவிட்டேன். பழனியிலும் மேற்கு மேற்குதான், மலை எந்தப் பக்கம் இருந்தால் என்ன. சொல் அவரவர் ஊர் மலையைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

இதற்கு இன்னும் நல்ல சாட்சி மலையாளம். கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. நியாயப்படி அங்கே கிழக்கைக் கீழ் என்று சொல்லக்கூடாது. ஆனாலும் கிழக்கு என்றுதான் சொல்கிறார்கள், அண்ணாந்து மலையைப் பார்த்துக்கொண்டே. மேற்குக்கு மட்டும் ஞாயிறு படுகிற திசை என்று பொருள்படும் 'படிஞ்ஞாறு' பழகிவிட்டது. மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த பேச்சு அந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதற்குக் கால்டுவெல் இதை ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. அவர் கடைசி நாட்களைக் கழித்ததும் 1891இல் இறந்ததும் எங்கள் கொடைக்கானலில்தான். உடலை இடையன்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

நிலம் மாறிவிட்டது, சொல் பழைய நிலத்தையே தூக்கிக்கொண்டு திரிகிறது. திண்டுக்கல் வாசகர் கேட்ட அச்சு இதுதான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 19

"இதெல்லாம் பேச்சு வழக்கு, யோசனை எல்லோருக்கும் ஒன்றுதான்" என்று எழுதியவருக்கு.

2016இல் என் மகள் காலேஜ் லீவில் வந்தபோது ஒரு சோதனை செய்து காட்டினாள். அவள் வகுப்பில் படித்தது. சாப்பாட்டு மேஜையில் வடக்கே பார்த்து நிற்க வேண்டும். மேஜை மேல் வரிசையாக ஒரு கிண்ணம் மிளகு, ஒரு கிண்ணம் ஏலக்காய், ஒரு கிண்ணம் காப்பிக்கொட்டை. நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வாள். பிறகு பின்னால் இருக்கிற பெஞ்சுப் பக்கம் திரும்ப வேண்டும், இப்போது முகம் தெற்கே. வேறு மூன்று கிண்ணங்களைக் கொடுத்து, அதே மாதிரி வை என்பாள்.

நான் மிளகை என் இடப்பக்கம் வைத்தேன், மேஜையில் அது இடப்பக்கம் இருந்ததால். அத்தை வலப்பக்கம் வைத்தார், மேஜையில் அது மேற்கே இருந்ததால். வைத்துவிட்டு நான் வைத்ததைப் பார்த்து, "என்னடி இது, தலைகீழா வச்சிருக்க" என்றார். நானும் அவரிடம் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். இரண்டு பேருக்கும் துளி சந்தேகம் இல்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நெதர்லாந்தில் நைமேகன் என்ற ஊரில் ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளரின் குழு 1990களில் உலகம் முழுக்க இந்த மாதிரிச் சோதனைகளைச் செய்தது. மெக்சிகோவில் மலைச்சரிவில் வாழ்கிற செல்தால் மக்கள் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று சரிவை வைத்தே பொருள்களைக் குறிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கூகு இமிதிர் என்ற பழங்குடி மொழியைப் பேசுகிறவர்களுக்கு எல்லாமே திசைதான். எரிக் பெடர்சன் என்பவர் இதைத் தமிழ்நாட்டிலேயே செய்தார். கிராமத்தில் திசை சொல்லிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் திசைப்படி அடுக்கினார்கள், நகரத்தில் இடது வலது சொல்லிப் பேசுகிறவர்கள் இடது வலதுப்படி அடுக்கினார்கள். அவர் எழுதியது 1995இல். அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே எங்கள் வீட்டு அடுப்படியில் அது நடந்துவிட்டது.

நவம்பர் 20

நேற்றைய குறிப்பில் ஒரு குறை. அது அத்தை ஐம்பது வருஷமாகப் புழங்கிய வீடு. அங்கே திசை தெரிவதில் ஆச்சரியம் என்ன என்று யாரும் கேட்கலாம்.

2018இல் கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஆஸ்பத்திரி அறையில் ஜன்னல் இல்லை. ஊசிக்குப் பயப்படாதவர், மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்காதவர், அறைக்குள் வந்ததும் கேட்டது "இங்க கிழக்கு எது?" நர்ஸ் பிள்ளை சிரித்துவிட்டு, தெரியலையே பாட்டி என்றது. அன்றிரவு முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை. வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது, வடக்கு எது என்றும் தெரியாது. மறுநாள் நான் வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்து, தலைமாடு தெற்கேதான் என்று சொன்ன பிறகுதான் கண்ணை மூடினார். எனக்கு அந்த அறையில் எந்தக் குறையும் தெரியவில்லை. அவருக்கு அது தரையில்லாத அறை.

நவம்பர் 26

இன்று கார்த்திகை. விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நடுவில் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் தன் வீட்டில் "அரிசி இல்லை" என்று சொல்லவே கூடாது, "அரிசி நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்வோம் என்கிறார். எங்கள் வீட்டிலும் அதே. புதிதாக வந்த மளிகைக்கடைப் பையனிடம் அத்தை, "வீட்டுல உப்பு நிறைஞ்சிருக்கு, ரெண்டு கிலோ போடு" என்றதற்கு, "நிறைஞ்சிருந்தா அப்புறம் எதுக்குப் பாட்டி?" என்று கேட்டான், பாவம்.

நன்றி சொல்வதைப் பற்றிக் கேட்டவருக்கு: மகள் ஹாஸ்டலில் இருந்து முதல் லீவுக்கு வந்தபோது எதற்கெடுத்தாலும் "தேங்க்ஸ் அப்பத்தா" என்றாள். தோசை போட்டால் தேங்க்ஸ், தண்ணீர் கொடுத்தால் தேங்க்ஸ். இரண்டாம் நாள் அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் என்ன ஹோட்டலா வச்சிருக்கேன்?" என்றார். கண் கலங்கிவிட்டது. அமெரிக்காவில் ஹரால்ட் கார்ஃபிங்கல் என்ற சமூகவியலாளர் 1960களில் இதையே வேண்டுமென்று செய்து பார்த்தார். மாணவர்களை அவரவர் வீட்டில் குடிக்கூலிக்கு இருப்பவர் போல ஒரு மணி நேரம் வரை பணிவாக நடந்துகொள்ளச் சொன்னார். வீட்டிலிருந்தவர்களுக்குத் திகைப்பு, கோபம், உடம்பு சரியில்லையா என்ற கவலை. பணிவாக இருந்ததற்கு! எழுதாத விதி மிதிபடும்போதுதான் அது அங்கே இருந்தது என்பதே தெரிகிறது.

நவம்பர் 27

பஸ் பற்றி இரண்டு வரி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் தாண்டிக்குடி வண்டி வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறோம். துண்டு கிடந்தால் அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எந்தச் சட்டமும் கிடையாது. நியூயார்க்கில் ஸ்டான்லி மில்கிராம் என்ற சமூக உளவியலாளர் தன் மாணவர்களைச் சுரங்க ரயிலில் காரணம் சொல்லாமல் "எனக்கு உங்கள் இடத்தைக் கொடுங்கள்" என்று கேட்கச் சொன்னார். பாதிக்கு மேல் எழுந்து கொடுத்துவிட்டார்கள். கஷ்டம் கேட்டவர்களுக்குத்தான். மில்கிராமே கேட்கப் போய், வாயில் வார்த்தை வராமல் தவித்திருக்கிறார். அந்தத் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார என்னாலும் முடியாது. யோசித்துப் பார்க்கும்போதே வயிற்றைப் பிசைகிறது.

டிசம்பர் 3

காப்பிப் பழம் எடுப்பு நடக்கிறது, எழுத நேரமில்லை. ஆனால் இதுவரை எழுதியதெல்லாம் சுலபமான பக்கம். டப்பா, துண்டு, தேங்க்ஸ். இந்த இழையில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நான்கு நாளாக உறுத்துகிறது.

எங்கள் வீட்டுப் பின்வாசல் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அதில் ஆறு அலுமினிய டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருக்கும். பழம் எடுக்க வருகிறவர்களுக்குப் பத்து மணிக் காப்பி அதில்தான். குடித்துவிட்டு அவர்களே குழாயடியில் கழுவி அங்கேயே கவிழ்த்து வைப்பார்கள். வீட்டு டம்ளர்கள் எவர்சில்வர், பெயர் வெட்டியவை. அவை உள்ளே.

நான் வந்த வருஷம் முதல் நாள் அத்தை ஊற்றினார், பார்த்தேன். மறுநாளிலிருந்து நான் ஊற்றினேன். இது இன்னாருக்கு, அது இன்னாருக்கு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. டப்பாவுக்கு மேற்கு கிழக்கு கேட்டு விழித்தவள் இதில் ஒரு கேள்வி கேட்கவில்லை. தூக்குப்போணியை அரை அடி உயரத்தில் பிடித்து, டம்ளரில் படாமல் ஊற்ற வேண்டும். அந்த உயரமும் என் கைக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. மதுரையில் எங்கள் அம்மா வாசலில் ஊற்றும்போது பார்த்த உயரம்.

நான் பி.ஏ. படித்தவள். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது, 1950இலிருந்து அமலில் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். அந்தப் பிரிவுக்கும் என் கையில் இருந்த தூக்குப்போணிக்கும் சம்பந்தம் இருப்பதாக எட்டு வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை. நான் சாதி பார்க்கிறவள் இல்லை என்று மனதார நம்பியிருந்தேன்.

2002இல் மகளுக்கு ஆறு வயது. நான் அடுப்படியில் இருக்கிறேன். பின்வாசலில் ஒரு அக்கா, எங்களிடம் இருபது வருஷமாகப் பழம் எடுக்கிறவர், கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். மகள் தன் டம்ளரை, அவள் பெயர் வெட்டிய சின்ன எவர்சில்வர் டம்ளரை, நீட்டினாள்.

"அதுல வேணாம் பாப்பா. என்னோடது மாடத்துல இருக்கு, எடுத்துத் தா."

"ஏன், இதுல ஓட்டையா?"

மகள் டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், நிஜமாகவே ஓட்டை தேடினாள். அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதை அவர் எனக்காகக் காத்திருந்து கேட்கிற மாதிரி ஒரு பார்வை. என்னிடம் பதில் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதை இறக்கப் போனேன்.

டிசம்பர் 4

அன்று சாயங்காலமே ஆறு டம்ளரையும் பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டேன். கீழே வத்தலக்குண்டு போய் இரண்டு டஜன் எவர்சில்வர் வாங்கி வந்து, வீட்டுக்கும் வேலையாட்களுக்கும் இவைதான் என்று வைத்தேன். அத்தை மூன்று நாள் பேசவில்லை. வேலைக்கு வந்தவர்களில் நான்கு பேர் அடுத்த வாரம் தங்கள் வீட்டிலிருந்தே டம்ளர் கொண்டுவந்தார்கள். முதலில் எனக்கு அது கோபமாக வந்தது. அவர்களுக்காகத்தானே செய்தேன் என்ற கோபம். ஒரு பழம் எடுப்பு முழுக்க ஆயிற்று, அது எப்படிப்பட்ட கோபம் என்று எனக்கு விளங்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டம்ளர் மாறி ஒரு வருஷம் கழித்து ஒருநாள் என் கையைப் பார்த்தேன். தூக்குப்போணி இன்னும் அரை அடி உயரத்தில்தான் இருந்தது.

டிசம்பர் 9

"திசையில் ஆரம்பித்துச் சாதியில் கொண்டுவந்து விட்டீர்கள், இரண்டும் வேறு வேறு" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேறாகத் தெரியவில்லை. இரண்டையும் நாங்கள் ஒரே அடுப்படியில்தான் கற்றோம், ஒரே மாதிரி, யாரும் சொல்லித் தராமல். ஒன்றை அழகு என்று எழுதி மற்றதை மறைத்தால் நான் பாதி வீட்டைத்தான் காட்டுகிறேன். அதோடு, மேலத்தெரு யார் இருப்பது, கீழத்தெரு யார் இருப்பது என்று உங்கள் ஊரிலும் யாராவது பலகை எழுதி வைத்திருக்கிறார்களா?

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1950களில் வெளிநாடு போகிற தூதரக ஆட்களுக்கு வகுப்பெடுத்தார். பிற நாட்டு வழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம் இது: பண்பாடு எதை மறைத்தாலும் தன் ஆட்களிடமிருந்துதான் மிக நன்றாக மறைக்கிறது. அடுத்த வீட்டுக்காரருக்கு என் மாடம் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

டிசம்பர் 10

நேற்று அத்தைக்கு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். வயது எண்பத்திரண்டு. டப்பா கதைக்குச் சிரித்தார். டம்ளர் வந்ததும் பேசாமல் கேட்டார். படித்து முடித்த பிறகு வெகுநேரம் கழித்து, "எங்க மாமியா வச்சிருந்தாக, நானும் வச்சேன்" என்றார். அப்புறம், "அந்தப் புள்ள கேட்டுச்சு பாரு, ஓட்டையான்னு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 24

வேறு விஷயம். எல்லாமே கெட்டது என்று நான் சொல்ல வருவதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். கேளுங்கள்.

"மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்" என்று சொல்வோமே, அதை நான் மதுரையில் கேட்டபோது ஏதோ எதுகை மோனைக்காகச் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் தோட்டத்துக்கு மேலே பளியர் என்ற மலைப் பழங்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். பாறையில் மலைத்தேன் எடுக்கும்போது ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு பாறை முகத்தில் இறங்குவார், மேலே ஒருவர் கொடியைக் காப்பார். காப்பவர் கூடப்பிறந்த அண்ணன் தம்பியாக இருக்கக்கூடாது, மனைவியின் அண்ணனோ தம்பியோதான். ஏன் என்று கேட்டேன். "பங்காளி கை நழுவுனா அவனுக்குப் பங்கு கூடும். மச்சான் கை நழுவுனா அவன் தங்கச்சில்ல தாலி அறுக்கும்" என்றார், கொடியைக் கையில் சுற்றிக் காட்டிக்கொண்டே.

மச்சான் என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு யாரும் கொடியைக் கொடுப்பதில்லை. மச்சானை நம்பலாம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். மதுரையில் நாங்கள் கொடியையும் பாறையையும் விட்டுவிட்டோம், வாக்கியம் மட்டும் இன்னும் வாயில் இருக்கிறது.

2024 ஜனவரி 7

பளியர்களைப் பற்றி இன்னும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதில் ஒன்று சொல்கிறேன். பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களில் அவர்களோடு இருந்து பார்த்தார். அவர்கள் மிகவும் தவிர்க்கிற ஒன்றுக்கு அவர் கேட்டு எழுதிக்கொண்ட சொல் 'தரக்குறைவு'. யாரையும் அவர் மட்டத்திலிருந்து கீழே இறக்கக்கூடாது. குழந்தையையும்தான். சண்டை வரும்போல் இருந்தால் ஒருவர் எழுந்து போய்விடுவார். போட்டி போடுவதில்லை, ஒருவர் மேல் ஒருவர் அதிகாரம் செய்வதில்லை.

அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் சொல்தானே! நாம் அதை யாராவது மேடையில் கெட்ட வார்த்தை பேசினால் பயன்படுத்துகிறோம். அவர்கள் அதை ஒரு சமூகம் முழுக்க நடந்துகொள்கிற முறைக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே மலை, எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம். அங்கே ஆளை இறக்கக்கூடாது என்பது சொல்லித் தராமலே வருகிறது, இங்கே இறக்குவது சொல்லித் தராமலே வருகிறது.

ஜனவரி 8

நேற்று எழுதியதன் மிச்சம். நான் டம்ளரை மாற்றியதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன், இல்லை. அந்த அக்காவுக்கு அப்போது ஐம்பது வயது, எனக்கு முப்பத்திரண்டு. அவர் என்னை "சின்னம்மா" என்று கூப்பிடுவார். நான் அவரைப் பெயர் சொல்லி, 'நீ', 'வா', 'போ'. மேலே இந்த இழை முழுக்க நான் 'அக்கா' என்று எழுதிக்கொண்டு வருகிறேன், கவனித்தீர்களா? 2004 வரை நான் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

முதல் தடவை "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டபோது அவர் திரும்பவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டேன். தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம்தான். "என்னையா சின்னம்மா?" என்றார். அதற்குப் பிறகும் அவர் என்னைச் சின்னம்மா என்பதை விடவில்லை. போகிற வரைக்கும்.

ஜனவரி 26

நேற்று தைப்பூசம். எங்கள் ஜீப் ஓட்டும் தம்பி மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போயிருந்தார். மார்கழி முதல் தேதியிலிருந்து என் வீட்டுக்காரர் அவரை "சாமி" என்றுதான் கூப்பிட்டார். "சாமி, வண்டிய எடுக்கலாமா?" "சாமி, சாப்பிட்டீங்களா?" மாலை போட்டவர் யாராக இருந்தாலும் சாமிதான், எந்தத் தெருவாக இருந்தாலும். இதையும் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. நாற்பது நாளுக்கு மேல் இந்த மலையில் ஒரு ஆள்கூடத் தவறுவதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட. நம்மால் முடியாதது ஒன்றும் இல்லை என்பதற்கு ஒவ்வொரு வருஷமும் நாமே சாட்சி.

ஜனவரி 29

மாலை கழற்றிவிட்டு ஜீப் ஓட்டும் தம்பி நேற்று ராத்திரி ஊருக்கு வந்தார். இன்று காலை ஒன்பது மணிக்கு என் வீட்டுக்காரர் போன் போட்டார். நான் அடுப்படியில் இருந்தேன்.

"எங்கடா இருக்க? மூட்டை ஏத்தணும், வா சீக்கிரம்."

எனக்குக் கேட்டது. சொன்னவருக்கும் கேட்டிருக்கிறது போல. போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, "வாயில வந்துருச்சு" என்றார்.

வண்டி பதினொரு மணிக்கு வந்தது. பன்னிரண்டு மூட்டை ஏற்றினோம். அந்தத் தம்பி தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது என் வீட்டுக்காரர், "கிழக்குப் பக்கம் கொஞ்சம் தொய்வா இருக்கு, இழுத்து..." என்று தொடங்கி நிறுத்தினார். அப்புறம் அவரே போய்க் கயிற்றின் அடுத்த நுனியைப் பிடித்தார்.